கப்பலோட்டியவரும் கப்பலேறிய குடும்பங்களும்: ஓட்டப்பிடாரத்தின் கடல் நினைவு குறித்து ஒரு விமர்சனம்

ஓட்டப்பிடாரம் தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் நிலப்பகுதியில் உள்ள ஊர். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் இங்கு பிறந்தார். கடற்கரையில் இல்லாத இந்த ஊரைக் கப்பலோடு சேர்த்தே தமிழர் நினைக்கிறார்கள். அதற்குக் காரணம் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்ற பட்டம். ம. பொ. சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாறும், அதை அடிப்படையாகக் கொண்டு பி. ஆர். பந்துலு 1961-இல் இயக்கிய திரைப்படமும் அந்தப் பட்டத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தன.

அந்தக் கப்பல் ஓடிய தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில் பயணம் செய்தவர்கள் யார், அவர்களின் பயணம் தமிழ் எழுத்திலும் திரையிலும் எந்த அளவுக்கு இடம் பெற்றுள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கப்பலை ஓட்டியவரைப் பற்றிய நினைவு வலுவாக இருக்கிறது. பிள்ளைகுட்டிகளோடு அதே கடலைக் கடந்த குடும்பங்களைப் பற்றிய நினைவு மிகவும் மெலிந்திருக்கிறது. இந்த வேறுபாடு எப்படி ஏற்பட்டது என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி.

ஊரும் கடலும்

ஓட்டப்பிடாரத்திலிருந்து தூத்துக்குடிக் கடற்கரை 30 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆனால் வாழ்க்கை முறையில் இரண்டுக்கும் தூரம் அதிகம். ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி ஆகிய பகுதிகள் மானாவாரிப் பூமி. பருத்தி, கம்பு, சோளம், மிளகாய் ஆகியவை மழையை நம்பி விளைபவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை தப்பினால் அந்த ஆண்டு தப்பியது என்று பொருள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் இந்த நிலத்து மக்களை வேரோடு அசைத்தது. நிலமில்லாத கூலிகளுக்கு அப்போது தெரிந்த வழிகளில் ஒன்று கடலுக்கு அப்பால் இருந்த ‘கண்டிச் சீமை’.

இலங்கையில் அதே காலத்தில் வேறொரு மாற்றம் நடந்தது. இலைத்துரு நோயால் காப்பிப் பயிர் அழிந்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் ஆட்கள் அதிகம் வேண்டும். ஆண்கள் போய் உழைத்துவிட்டுச் சில மாதங்களில் திரும்பலாம். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும், அந்த வேலைக்குப் பெண்களின் கைகள் தேவைப்பட்டன. எனவே கங்காணிகள் தனி ஆட்களைவிடக் குடும்பங்களைத் திரட்டுவதில் அக்கறை காட்டினார்கள். இலங்கைக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரின் பயணம் பெரும்பாலும் குடும்பப் பயணமாக அமைந்ததற்கு இதுவே அடிப்படை. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து அவர்கள் போனார்கள். பெரும்பகுதியினர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள்.

திரைப்படம் காட்டும் கடல்

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். முதலில் வாடகைக் கப்பல்களைக் கொண்டு தொழில் நடந்தது. 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் சொந்தமாக வந்தன. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி போட்டிக்காகக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்ததும், சுதேசிக் கம்பெனி அதை எட்டணாவாகக் குறைத்ததும், பிறகு வெள்ளையர் கம்பெனி இலவசப் பயணத்தோடு குடையும் தர முன்வந்ததும் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த செய்திகள்.

1961 படம் இந்த வரலாற்றை உணர்ச்சியோடு சொல்கிறது. சிவாஜி கணேசன் வ. உ. சி.யாகவும், எஸ். வி. சுப்பையா பாரதியாகவும், டி. கே. சண்முகம் சுப்பிரமணிய சிவாவாகவும் நடித்தனர். ஜி. ராமநாதன் பாரதி பாடல்களுக்கு இசை அமைத்தார். வெளியான காலத்தில் படம் பணம் ஈட்டவில்லை. பின்னர் சுதந்திர தினத்திலும் வ. உ. சி. பிறந்த நாளிலும் காட்டப்பட்டு மக்கள் மனத்தில் நிலைத்தது. கோவைச் சிறையில் செக்கிழுக்கும் காட்சியும், விடுதலை பெற்று வெளியே வரும்போது வரவேற்க ஊர் திரண்டு நிற்காத வெறுமையும் ஒரு தலைமுறைக்கே வரலாற்றுப் பாடமாக அமைந்தன. இந்தப் பெருமையில் எதையும் குறைக்கத் தேவையில்லை.

எனினும் படத்தில் கடல் எதற்காக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடல் அங்கே கொடி பறக்கும் வெளி. கப்பல் நாட்டுப்பற்றின் அடையாளம். மக்கள் கூட்டம் கரையில் நின்று கப்பலை வரவேற்கும் கூட்டம். கதை பங்கு சேர்ப்பது, போட்டியை எதிர்கொள்வது, கோரல் மில் வேலைநிறுத்தம், கைது, வழக்கு, சிறை என்று நகர்கிறது. கப்பலுக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் ஏன் போகிறார்கள், மறுநாள் காலை எங்கே இறங்குகிறார்கள் என்ற கேள்விகளுக்குக் கதையில் இடமில்லை.

குடைக் கதையையே எடுத்துக்கொள்ளலாம். அது வெள்ளைக் கம்பெனியின் தந்திரத்தைக் காட்டும் நிகழ்ச்சியாகச் சொல்லப்படுகிறது. இலவசத்துக்கு மயங்கிய பயணிகள் அதில் லேசான பழிக்கும் ஆளாகிறார்கள். ஆனால் எட்டணா என்பது அன்றைய கூலிக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய தொகை என்பதை அந்தக் கதை நினைக்க விடுவதில்லை. தோட்டத்துக்குப் போன குடும்பத்தின் வழிச்செலவு கங்காணி கொடுத்த முன்பணத்தோடு சேர்ந்து கடனாக ஏறியது. எந்தக் கப்பலில் போவது என்பதைக்கூட அவர்கள் முடிவு செய்யவில்லை. சுதேசியா விதேசியா என்ற தேர்வு அவர்கள் முன் வைக்கப்படவே இல்லாதபோது, தேர்வில் தவறினார்கள் என்று சொல்வது நியாயமாகாது.

சாதாரண வகுப்பில் 1,300 பேர்

சுதேசிக் கப்பல்களின் கொள்ளளவைக் குறித்து வரலாற்று நூல்கள் பலவும் தரும் கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு கப்பலிலும் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் பயணம் செய்யலாம். பெருமைக்குரிய புள்ளிவிவரமாகவே இது எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் இதை வேறு விதமாகவும் படிக்கலாம். மேல்வகுப்புகளில் 66 பேர். மற்றவர் அனைவரும் சாதாரண வகுப்பு. கப்பல் தொழிலின் வருமானமே அந்த 1,300 பேரை நம்பி இருந்தது. தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில் அந்த வகுப்பில் போனவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத் தொழிலாளரும் சிறு வணிகரும். அவர்கள் இல்லாவிட்டால் வெள்ளைக் கம்பெனிக்கும் லாபம் இல்லை, சுதேசிக் கம்பெனிக்கும் தேவை இல்லை.

அப்படியானால் அவர்கள் இந்த வரலாற்றில் துணைப் பாத்திரங்கள் ஆகமாட்டார்கள். வரலாற்றின் அடித்தளத்திலேயே அவர்கள் இருக்கிறார்கள். பெயரில்லாமல் எண்ணிக்கையாக மட்டும் இருக்கிறார்கள்.

கரையிலிருந்து கப்பல் வரை

படம் காட்டாமல் விட்ட பயணம் எப்படிப்பட்டது என்று அறிந்துகொண்டால் விடுபட்டதன் அளவு விளங்கும்.

முதல் கட்டம் தட்டப்பாறை. மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் ரயில் பாதையில் உள்ள சிறிய நிலையம் இது. 1911 ஜூன் 17-இல் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்ட இடம் என்பதால் மணியாச்சியை எல்லாருக்கும் தெரியும். அதே பாதையில் உள்ள தட்டப்பாறையை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இலங்கைக்குச் செல்லும் தொழிலாளரைத் தடுத்து நிறுத்தி, பிளேக், காலரா போன்ற நோய்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்கான முகாம் இங்கு இருந்தது. குடும்பங்கள் நாள் கணக்கில் அங்கே தங்க வைக்கப்பட்டன. உடம்பும் உடையும் மருந்து நீரில் சுத்தம் செய்யப்பட்டன. போகும் தோட்டத்தைக் குறிக்கும் தகர வில்லை கயிற்றில் கோத்துக் கொடுக்கப்பட்டது. வில்லையைத் தொலைத்தவன் தன் போக்கிடத்தையே தொலைத்தவன் ஆவான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதுவே பெயரும் முகவரியும்.

இரண்டாம் கட்டம் கரையிலிருந்து கப்பலுக்குப் போவது. இன்றைய வ. உ. சி. துறைமுகம் 1974-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் தூத்துக்குடிக் கடல் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து ஐந்தாறு மைல் தள்ளியே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் ஆட்களையும் படகுகளிலும் தோணிகளிலும் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கண்மாயைத் தவிர வேறு நீர்ப்பரப்பைக் கண்டிராத கரிசல்காட்டுக் குடும்பத்துக்குக் கடலோடு முதல் அறிமுகம் இந்தப் படகில்தான். ஆடி மாதம் கரிசலில் புழுதியைக் கிளப்பும் அதே காற்று மன்னார் வளைகுடாவில் அலையைக் கிளப்பும். ஆடும் படகிலிருந்து ஆடும் கப்பலின் ஏணிக்குக் கைக்குழந்தையோடு ஒரு தாய் கால் மாற்றி வைக்க வேண்டும். முதியவரையும் மூட்டையையும் மேலிருந்து ஒருவர் இழுக்கக் கீழிருந்து ஒருவர் தள்ள வேண்டும். பெருங்கடலைவிட இந்த ஐந்தாறு மைலே அவர்களை அதிகம் மிரட்டியிருக்கும் என்று கருத இடமுண்டு.

மூன்றாம் கட்டம் ஓர் இரவு. திறந்த தளத்தில் கிடைத்த இடத்தில் பாயோ துணியோ விரித்துக் கிடப்பார்கள். காற்று பலமாக இருந்தால் வாந்தியும் குளிரும் சேர்ந்துகொள்ளும். பொழுது விடிந்தால் கொழும்பு. அங்கிருந்து மலை மேல் பயணம்.

இதற்கும் முந்திய தலைமுறையின் பாடு இன்னும் கொடியது. நீராவிக் கப்பல் பரவுவதற்கு முன் தொழிலாளர்கள் இராமநாதபுரக் கரைக்கு நடந்து, பாய்மரத் தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரைக் கொன்றன. பின்னர் 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவை ரயிலோடு இணைந்தபின், மண்டபம் முகாம் முக்கியத்துவம் பெற்றது. தூத்துக்குடித் தடத்தில் தொழிலாளர் போக்குவரத்து குறைந்தது.

ஆக, ஓட்டப்பிடாரத்தின் வாசலை ஒட்டியே சில ஆண்டுகள் இந்தப் பெரும் பயணம் நடந்திருக்கிறது. சுதேசிக் கப்பலின் காலமும் இதுவே.

பாரதி கேட்ட அழுகை

எட்டயபுரத்தில் பிறந்த பாரதி வ. உ. சி.யின் நண்பர். ‘இந்தியா’ இதழில் சுதேசிக் கப்பலுக்காக எழுதியவர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற பெண்களைப் பற்றி அவர் எழுதிய ‘கரும்புத் தோட்டத்திலே’ தமிழில் புலம்பெயர்ந்த தொழிலாளரைப் பற்றிய முதன்மையான கவிதைகளில் ஒன்று. கடலுக்கு அப்பால் அழும் பெண்களின் குரலைக் காற்றின் வழியாகக் கேட்க முயலும் கவிதை அது.

விமர்சன நோக்கில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, கூலிகளாகப் போனவர்களைத் தேசத்தின் மக்களாக, அதிலும் பெண்களாக அது நினைக்கிறது. கப்பல் வணிகத்தைப் பற்றிப் பேசிய அதே தலைமுறைக்கு இந்தக் கண்ணும் இருந்தது என்பதற்கு அது சான்று. இரண்டு, கவிதையின் இடம் மிகத் தொலைவில் உள்ள பிஜி. ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருந்த இலங்கைத் தோட்டங்கள் அந்த அளவுக்குக் கவிதைக்குள் வரவில்லை. பிஜிக்குப் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். அந்த முறைக்கு எதிராக நாடு முழுவதும் குரல் எழுந்தது. இலங்கைக்குப் போனவர்களோ கங்காணியின் பின்னால் தாமே போகிறவர்களாகத் தோன்றினார்கள். அருகில் இருந்ததும் வழக்கமாகிவிட்டதும் சேர்ந்து அந்தத் துன்பத்தைக் கண்ணில் படாமல் செய்திருக்கலாம்.

‘துன்பக்கேணி’ செய்ததும் செய்யாததும்

இலங்கைத் தோட்டப் பயணத்தைத் தமிழ்ப் புனைகதைக்குள் வலுவாகக் கொண்டுவந்தவர் புதுமைப்பித்தன். 1930-களில் ‘மணிக்கொடி’யில் வந்த ‘துன்பக்கேணி’ நெல்லைச் சீமையின் வாசவன்பட்டியில் தொடங்குகிறது. மருதி என்ற சேரிப் பெண் ஊரில் வாழ வழியற்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். தோட்டத்து அதிகாரத்தின் இச்சைக்கும் நோய்க்கும் இரையாகிறாள். அவள் மகள் வெள்ளைச்சி அந்தச் சூழலில் வளர்கிறாள்.

இக்கதையின் பெருமை, ஊரையும் தோட்டத்தையும் தனித்தனி உலகங்களாகப் பிரிக்காததில் உள்ளது. மருதியைக் கடலுக்கு அனுப்புவது கங்காணியின் ஆசை வார்த்தை மட்டும் இல்லை. ஊரின் சாதியும் நிலவுடைமையும் அவளை முன்பே வெளியே தள்ளிவிட்டன. வெள்ளைக்காரனை மட்டும் குற்றவாளியாக்கி ஊரை விடுதலை செய்யும் எளிய வழியைப் புதுமைப்பித்தன் எடுக்கவில்லை. ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தையும் ‘துன்பக்கேணி’யையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் மாணவருக்கு இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். படத்தில் துயரத்தின் ஊற்று கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஆட்சியில் இருக்கிறது. கதையில் அது உள்ளூர்த் தெருவிலும் இருக்கிறது.

ஆனால் ‘துன்பக்கேணி’யின் கனமும் இரண்டு கரைகளில்தான் இருக்கிறது. வாசவன்பட்டியும் தோட்டமும் மனத்தில் நிற்பதுபோல நடுவில் உள்ள நீர்வெளி நிற்பதில்லை. அதைக் குறை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியரின் நோக்கம் வேறு. ஆயினும் தமிழ் எழுத்தின் பொதுவான போக்கு ஒன்றை அது உணர்த்துகிறது. புறப்படும் துயரமும் போய்ச்சேர்ந்த துயரமும் எழுதப்படுகின்றன. போகும் துயரம் எழுதப்படுவது அரிது.

மலையகத்தின் குரல்

பயணம் செய்தவர்களே தம் நினைவைப் பாட்டில் வைத்திருந்தார்கள். மலையகத் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கும்மியிலும் விட்டு வந்த ஊரும் தாயும், கங்காணியின் வாக்கும், கண்டிச் சீமையின் குளிரும் திரும்பத் திரும்ப வருகின்றன. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாக்கினார். தாமே தோட்டத்தில் பிறந்தவர் என்பதால், வெளியிலிருந்து இரங்குபவரின் தொனி அவரிடம் இல்லை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ தோட்டக் குடும்பத்தின் வாழ்வைத் தலைமுறைகளாகத் தொடரும் நாவல். குடும்பத்தையே மையமாக வைத்ததால் இந்த வரிசையில் அதற்குத் தனி இடம் உண்டு.

இந்த நூல்கள் மலையக இலக்கியம் என்ற பெயரில் தனி அலமாரியில் இருக்கின்றன. ‘கப்பலோட்டிய தமிழன்’ விடுதலைப் போராட்ட வரலாறு என்ற வேறு அலமாரியில் இருக்கிறது. ஒரே கடலையும் ஒரே தடத்தையும் பற்றிய இரண்டு நினைவுகள் ஒன்றையொன்று சந்திக்காமல் இருப்பதற்கு இந்தப் பிரிப்பும் ஒரு காரணம். இலங்கைப் பாடத்தில் ஒன்றும் தமிழ்நாட்டுப் பாடத்தில் மற்றொன்றும் படிக்கப்படுகின்றன.

கரிசல் எழுத்தில் ஓர் ஒப்பீடு

கரிசல் நிலத்துக்குப் புலம்பெயர்வைச் சொல்லத் தெரியாது என்று கூற முடியாது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) ஒரு குடும்பக் கூட்டம் ஆந்திர தேசத்திலிருந்து அஞ்சி ஓடிவந்து கரிசலில் குடியேறிய கதை. மூதாட்டி மங்கத்தாயாரு அம்மாளின் வாய்மொழியாக அந்தப் பயணம் சொல்லப்படுகிறது. ஆற்றைக் கடக்க வழியில்லாமல் நிற்கும்போது மரமே வளைந்து வழிவிடும் அற்புதம் அதில் வருகிறது. பயணத்தின் பயத்தை ஒரு கூட்டம் எப்படித் தெய்வக் கதையாக மாற்றி வைத்துக்கொள்கிறது என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

அந்த நினைவு காப்பாற்றப்பட்டதற்குக் காரணம், வந்தவர்கள் நிலம் திருத்தி வேரூன்றியதும், கதை சொல்லவும் கேட்கவும் ஒரே ஊரில் ஒரு குடும்பம் தொடர்ந்து இருந்ததும். கரிசலிலிருந்து கடல் வழியே வெளியேறியவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கதை சொல்ல வேண்டிய பாட்டி மலையில் லயன் அறையில் இருந்தாள். கேட்க வேண்டிய ஊர் கீழே இருந்தது. வந்தவர்களின் கதை ஊரின் கதையானது. போனவர்களின் கதை ஊருக்குத் திரும்பி வரவில்லை.

ஒரு மறுப்பு

வ. உ. சி.யின் வாழ்க்கையைச் சொல்லும் நூலிடமும் படத்திடமும் பயணிகளின் கதையைக் கேட்பது பொருந்துமா என்ற மறுப்பு எழலாம். அது நியாயமான மறுப்பு. ஒரு படைப்பு எடுத்துக்கொண்ட பொருளை வைத்தே அதை மதிப்பிட வேண்டும். வ. உ. சி. செய்யுளில் எழுதிய சுயசரிதையும் தம் குடும்பம், தொழில், கம்பெனி, வழக்கு, சிறை ஆகியவற்றையே பேசுகிறது. இரட்டை ஆயுள் தண்டனை பெற்ற ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லையே என்று குறைகூறுவது முறையாகாது. கோரல் மில் தொழிலாளருக்காக 1908-இல் நின்றவர் அவர். உழைப்பவரின் துன்பம் அவருக்குத் தெரியாதது இல்லை.

ஆகவே விமர்சனம் அவர்மீது இல்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் அவருடைய நினைவைப் பயன்படுத்திய விதத்தின்மீதுதான். கட்டபொம்மன், வெள்ளையத்தேவன், சுந்தரலிங்கம், வ. உ. சி. என வீரர்களின் வரிசையாகவே இவ்வட்டாரம் தன்னை நினைத்துக்கொள்கிறது. வீரரின் வரிசையில் தகர வில்லை கட்டிய குடும்பத்துக்கு இடம் கிடைப்பதில்லை. சுதேசிக் கப்பலின் பெருமையைச் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சாதாரண வகுப்புப் பயணிகளைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தால் வ. உ. சி.யின் பெருமை குறையாது. அந்தத் தடம் ஏன் அவ்வளவு முக்கியமானதாக இருந்தது என்பது மாணவர்களுக்கு மேலும் விளங்கும்.

திரும்பி வந்த படகுகள்

இந்தக் கேள்வி பழைய வரலாற்றோடு முடிவதும் இல்லை. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. பாட்டன் பாட்டி போன அதே கடலில் பேரன் பேத்திகள் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வந்து, மண்டபம் முகாமில் இறங்கினார்கள். 1983-க்குப் பின் போருக்கு அஞ்சிய குடும்பங்கள் மீன்பிடிப் படகுகளில் இரவோடு இரவாகப் பாக் நீரிணையைக் கடந்தன. 2022-இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போதும் குழந்தைகளோடு சில குடும்பங்கள் தனுஷ்கோடி அருகே மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டன.

திரைப்படம் இந்தப் பயணங்களை ஓரளவு தொட்டிருக்கிறது. மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படகேறி வரும் கர்ப்பிணி ஒருத்தியையும் அவள் விட்டுச்செல்லும் குழந்தையையும் கதையின் வேராகக் கொண்டது. அபிஷன் ஜீவிந்தின் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025) இராமேஸ்வரம் கரையில் இரவில் வந்திறங்கும் ஒரு குடும்பத்தோடு தொடங்குகிறது. இரண்டுமே கரைக்கு வந்தபின் நடப்பதில்தான் விரிவடைகின்றன. இரண்டாம் படத்தில் குடும்பம் வந்து சேர்ந்ததும் கதை நகைச்சுவையின் பாதையில் நகரத்துக்குப் போய்விடுகிறது. ‘துன்பக்கேணி’ காலத்தில் கண்ட அதே போக்கு இன்றும் தொடர்கிறது. கரைகள் பேசுகின்றன, நடுக்கடல் பேசுவதில்லை.

எட்டயபுரம் வட்டாரத்தில் தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. பாரதி பிறந்த ஊருக்கு அருகில், வ. உ. சி. பிறந்த ஊரிலிருந்து அதிக தூரமில்லாத கரிசல் காட்டில், கடலைக் கடந்து வந்த குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாழ்கின்றன. அந்தப் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து வ. உ. சி. பாடத்தைப் படிக்கிறார்கள். கப்பலை ஓட்டியது யார் என்ற வினாவுக்கு எல்லாரும் சரியாக விடை எழுதிவிடுவார்கள். அந்தக் கப்பலில் ஏறியவர்கள் யார் என்ற வினாவும் அதே பாடத்தில் கேட்கப்பட்டால், வகுப்பில் சிலருக்கு விடை தங்கள் வீட்டிலேயே இருக்கும். தாத்தாவிடமோ ஆச்சியிடமோ கேட்டுவந்து எழுத அவர்களால் முடியும். அச்சு நூல்களில் குறைவாக உள்ள அந்தப் பயணத்தைப் பதிவு செய்ய இன்றும் எஞ்சியிருக்கும் வழி அதுவே. கேட்பதற்கு உரிய முதியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.